வழக்கறிஞர் காந்தியடிகள்

ஒருவன் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்த நிலத்தை விலைக்கு வாங்கலாம் என்பவற்றை அவன் பிறந்த இனத்தைக் கொண்டு முடிவு செய்யும் சட்டம் ஒன்று 1885-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் நாட்டில் இயற்றப்பட்டது. அந்நாட்டை அப்பொழுது ஆண்டவர்கள் போயர்கள்; முன்னாளில் ஒல்லாந்திலிருந்து சென்று அங்குக் குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். அவ்வாண்டின் 3-ஆம் சட்டம், ஆசிய நாட்டினர் எவரும் குடியுரிமை பெறலாகாது என்றது. நிலமும் வீடும் தம் பெயரில் வைத்திருக்கலாகாது என்றது. அரசு சுட்டிக்காட்டும் தெருக்களிலும் ஒதுக்கிடங்களிலுமே அவர்கள் வாழவேண்டும் என்றது. அடுத்த ஆண்டில் இச்சட்டம் சிறிது திருத்தப்பட்டது. அதன்படி ஒதுக்கிடங்களின் எல்லைக்குள் மட்டும் அவர்கள் நிலம் வைத்துக் கொள்ளலாம் என்றாயிற்று. நகரின் சுகாதாரத்தைக் காப்பதற்காகவே இவ்வேற்பாடு எனக் காரணம் கூறப்பட்டது. சுகாதாரத்தைக் கெடுத்தவர் யார் என்பது பின்னர் நிகழ்ந்தவற்றால் விளங்கும்.

இச்சட்டத்தால் துன்புற்ற இந்தியர்கள் இருவகையினர். ஒரு வகையினர் குசராத்துப் பகுதியிலிருந்து கப்பலேறிச் சென்ற வணிகர்கள். மற்றொரு வகையினர் ஏழைத் தொழிலாளர்கள். நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்வதற்காகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதற்கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் டர்பனை அடைந்தது. காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளினூடே அருவியாய் வீழ்ந்து இறங்குகின்ற அந்நாளையச் சேலம் மாவட்டத்திலிருந்தும், வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சை முதலிய பகுதிகளிலிருந்தும், வறுமையால் வாடிய குடும்பங்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துக் கடல் கடந்தன. ஒப்பந்தம் முடிந்தவர்களுள் பலர் காய்கறி பயிரிட்டும் சிறு கடை வைத்தும் பிழைத்தனர். டிரான்ஸ்வாலில் தங்கச் சுரங்கங்கள் தோன்றி ஜோஹன்னஸ்பர்க் நகரம் வளரத் தொடங்கியதும், சிலர் அங்கும் சென்று குடியேறினர். வணிகர் குறை, தொழிலாளர் குறை ஆகிய இருவகைக் குறைகளையும் ஒருங்கே தம் குறையாக ஏற்று நீதிமன்றத்தில் நின்று வழக்காடியவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அவரை நாம் விடுதலைப் போரின் தலைவராக அறிவோம். அவர் இருபது ஆண்டு காலம் வழக்கறிஞர் தொழில் செய்தவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை.

அவர் 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரில் பிறந்தார். 1888-இல் இலண்டன் சென்று சட்டம் பயின்று, 1891-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார். பம்பாயில் அவர் ஏற்ற முதல் வழக்கு மிகச் சிறியது. ஆயினும் எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தபோது அவருக்கு நா எழவில்லை, தலை சுழன்றது. வாங்கிய 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பின்னர் இராஜ்கோட்டையில் பிறருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக் காலங் கழித்து வந்தார். அந்நிலையில்தான், தென்னாப்பிரிக்காவில் வாணிகம் நடத்திய தாதா அப்துல்லா கம்பெனியார் தம் வழக்கு ஒன்றில் உதவி செய்ய ஓராண்டிற்கு 105 பவுன் ஊதியத்தில் அவரை அழைத்தனர். 1893-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் டர்பன் நகரில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23.

மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரவு நேரத்தில் முதல் வகுப்பு வண்டியிலிருந்து அவர் தள்ளப்பட்ட செய்தியைப் பலரும் அறிவர். அதே பயணத்தில் நேர்ந்த மற்றொரு நிகழ்ச்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜோஹன்னஸ்பர்க்கை அடைந்ததும் அவர் நேரே கிராண்டு நேஷனல் ஓட்டலுக்குச் சென்று அறை கேட்டார். மேலாளர் அவரைச் சற்று நேரம் ஏற இறங்கப் பார்த்து, இடமில்லை என மரியாதையாகவே கூறி அனுப்பிவிட்டார். காந்தியடிகள் அதை மெய்யென்றே நம்பினார். பிறகு இந்திய வணிகர் ஒருவர் கடையில் இதைக் கூறியபோது, அங்கிருந்தவர்கள் நகைத்தார்கள். இந்தியருக்கு அங்கே எந்த ஓட்டலிலும் எந்நாளும் இடம் இருந்ததில்லை. பிரிட்டோரியாவிலும் இதே நிலைதான். நீக்ரோ இனத்தைச் சேர்ந்த அமெரிக்கர் ஒருவர் வழிகாட்ட, சிறிய விடுதியொன்றில் அறை கிடைத்தது. பிற விருந்தினர் மனம் கோணாதபடி அறைக்குள்ளேயே உணவு கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. சிறிது நேரத்தில் விடுதிக்காரர் தாமே வந்து, மற்றவர்களைக் கேட்டுப் பார்த்ததாகவும், எவரும் மறுக்கவில்லையென்றும் சொல்லி அவரை உணவுக் கூடத்திற்கு அழைத்துச் சென்றார். சட்டத்தின் கொடுமைக்கும் மனிதர் மனத்திற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதற்கு இது ஒரு சான்று.

தாதா அப்துல்லாவின் வழக்கு அவருடைய உறவினரும் பிரிட்டோரியாவின் பெருவணிகருமான தையப் ஹாஜி கான் முகம்மது என்பவர்மேல் தொடுக்கப்பட்டது. தொகை 40,000 பவுன். காந்தியடிகள் கணக்கேடுகளை இரவு பகலாகப் படித்தார். உண்மைகளைத் தெளிவாகத் தொகுத்துவிட்டால் சட்டம் தானாகத் துணைக்கு வரும் என்பதைக் கற்றார். எனினும் வழக்கு நீண்டால் இரு குடும்பங்களும் அழியும் என்பதை உணர்ந்து, இருதரப்பாரையும் இணங்கச் செய்து நடுவர் தீர்ப்புக்கு விடச் செய்தார். தாதா அப்துல்லாவே வென்றார். ஆனால் அவ்வளவு பணத்தையும் ஒரே முறையில் கட்ட நேர்ந்தால் தையப் சேட் கடனாளியாய் மானமிழப்பார். எனவே, நீண்ட காலத் தவணைகளில் செலுத்துமாறு ஏற்பாடு செய்து கொடுத்தார் காந்தியடிகள். வழக்கில் வெல்வதைவிட இந்த இணக்கத்திற்கே அவர் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது.

அக்காலத்தில் ஒரு நாள், குடியரசுத் தலைவர் குரூகர் வீட்டெதிரே நடைபாதையில் சென்ற அவரைக் காவலன் ஒருவன் உதைத்துத் தெருவில் தள்ளினான். அவ்வழியே வந்த வெள்ளை நண்பர் ஒருவர், வழக்குத் தொடுத்தால் தாமே சாட்சி கூறுவதாகச் சொன்னார். காந்தியடிகள் மறுத்துவிட்டார். தம் சொந்தத் துன்பத்திற்காக நீதிமன்றத்தின் படியேறுவதில்லை என்பது அவர் மேற்கொண்ட நெறி. பிறர் துன்பத்திற்காக ஏறும்போது அவர் ஒருபோதும் தயங்கியதில்லை.

ஓராண்டு முடிந்து திரும்ப இருந்தவர், நேட்டால் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்ததால் அங்கேயே தங்கினார். 1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசைத் தோற்றுவித்தார். அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தின் எதிர்ப்பையும் கடந்து, நேட்டால் உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். அதன் பின் சில மாதங்களில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, முதலாளி அடித்ததால் பற்கள் உடைந்து, வாயில் குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு அவர்முன் வந்து நின்றான். காந்தியடிகள் முதலில் அத்தலைப்பாகையைத் தலையில் கட்டிக்கொள்ளச் செய்தார். பின்னரே அவன் சொல்வதைக் கேட்டார். அவனை அம்முதலாளியிடமிருந்து விடுவித்து வேறொருவரிடம் மாற்றினார். அச்செய்தி தோட்டந்தோறும் பரவியது. தமிழர் குறையை அவர்கள் மொழியிலேயே அறியவேண்டும் என்று அவர் தமிழ் எழுத்துகளைக் கற்கத் தொடங்கியதும் இக்காலத்திலேதான்.

இனி 3-ஆம் சட்டத்திற்கு வருவோம். அச்சட்டத்தில் ஆசியர் குடியிருப்பதற்கு ஒதுக்கிடம் குறிக்கப்படும் என்றிருந்தது. குடியிருத்தல் என்னும் சொல்லில் கடை வைத்து வாணிகம் செய்தலும் அடங்குமா என்பதே கேள்வி. அடங்கும் என்று அரசு வாதித்தது. அவ்வாறாயின், நகரின் நடுவே கடை வைத்திருந்த ஒவ்வோர் இந்தியரும் ஊருக்கு வெளியே சென்று, வாங்குவோர் இல்லாத இடத்தில் கடை பரப்ப வேண்டும். இதற்கு விடை காண ஒரு சோதனை வழக்குத் தொடுக்க இந்தியர்கள் முடிவு செய்தனர். வழக்குத் தொடுக்க முன்வந்தவர் வேறொருவரும் அல்லர். ஐந்தாண்டுகளுக்கு முன் காந்தியடிகள் எதிர்த்து நின்ற அதே தையப் சேட்தான். இம்முறை காந்தியடிகள் அவர் பக்கம் நின்று, வழக்கிற்கு வேண்டிய குறிப்புகளை எழுதி உதவினார். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஒருமனப்படவில்லை, ஆயினும் பெரும்பான்மையோர் அரசின் பொருளையே ஏற்றனர். ஒரு சொல்லின் பொருள் விரிந்தது. ஓர் இனத்தின் வாழ்வு சுருங்கியது.

அடுத்த ஆண்டே போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. இந்தியரைப் போயர்கள் கொடுமைப்படுத்துவதும் தாம் போர் தொடுத்ததற்கு ஒரு காரணம் என ஆங்கில அமைச்சர்கள் கூறினர். காந்தியடிகள் 1,100 பேர் கொண்ட மருத்துவப் பணிப்படையைத் திரட்டிக் காயமுற்றோரைச் சுமந்தார். 1902-இல் ஆங்கிலேயர் வென்றனர். போயர் காலத்துக் கொடிய சட்டங்கள் பலவற்றை அவர்கள் நீக்கினர். ஆசியருக்கு எதிரான சட்டத்தை மட்டும் நீக்கவில்லை. முன்பு சோம்பலாக நடைமுறையில் இருந்த அதனை இப்போது ஒழுங்காக நடைமுறைப்படுத்தத் தனி இலாகாவையே அமைத்தனர். 1903-இல் வெளிவந்த அரசு அறிவிப்பு ஒன்று, புதிதாகக் கடை வைக்க விரும்பும் இந்தியர் ஒதுக்கப்பட்ட கடைத்தெருக்களிலேயே வைக்க வேண்டும் என்றது.

இடையில் இந்தியா சென்றிருந்த காந்தியடிகள் மீண்டும் அழைக்கப்பட்டு, 1903-இல் டிரான்ஸ்வால் உயர்நீதிமன்றத்தில் பதிவு பெற்று ஜோஹன்னஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். அவருக்கே அலுவலகத்திற்கு அறை கிடைப்பது அரிதாக இருந்தது. ரிட்ச் என்னும் ஆங்கில நண்பரின் முயற்சியால், வழக்கறிஞர்கள் நிறைந்த ரிஸ்ஸிக் தெருவில் இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்தியன் ஒப்பீனியன் என்னும் வார இதழ் தோன்றியது. ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் அது வெளிவந்தது.

ஜோஹன்னஸ்பர்க்கின் ஒதுக்கிடத்தை வெள்ளையர் கூலி லொக்கேஷன் என்றழைத்தனர். கூலி என்ற தமிழ்ச்சொல், உழைப்பிற்குரிய ஊதியத்தைக் குறிப்பது. அங்கே அஃது இந்தியர் அனைவரையும் இழித்துக் கூறும் பெயராகிவிட்டது. மற்ற ஊர் ஒதுக்கிடங்களினின்றும் இது ஒரு வகையில் வேறுபட்டது. இங்குள்ள இந்தியர் 99 ஆண்டுக் குத்தகையில் மனைகளைப் பெற்றிருந்தனர். மக்கள்தொகை பெருகியது, இடம் பெருகவில்லை. வீடுகள் நெருங்கின. நகரசபையார் கழிவிடங்களை ஏனோதானோவென்று துப்புரவு செய்வித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, சாலையில்லை, விளக்கில்லை. பிறகு, அவ்விடம் அசுத்தமாக இருக்கிறது என்று அந்நகரசபையாரே குற்றங் கூறி, அதனை அழித்துவிட அதிகாரம் பெற்றனர். 1903-இல் நிலம் முழுவதும் நகரசபை வசமாயிற்று. குத்தகைதாரர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தாக வேண்டும். நகரசபை கூறும் தொகை போதாதெனில், அதற்கென அமைக்கப்பட்ட தனி நடுவர் மன்றத்தில் வழக்கிடலாம். மன்றம் அதிகத் தொகை விதித்தால் வழக்குச் செலவை நகரசபையே ஏற்க வேண்டும்.

குத்தகைதாரருள் பெரும்பாலோர் காந்தியடிகளையே நாடி வந்தனர். அவர்களுள் மிகப் பலர் ஒப்பந்தத் தொழிலாளராய் வந்து விடுபட்டவர்கள். பீகார்ப் பகுதியினரும் தென்னாட்டவருமாவர். பெருவணிகரின் சங்கத்தில் தமக்கு இடமில்லை எனக் கண்டு, தாமே தனிச்சங்கம் அமைத்துக் கொண்டிருந்தனர். அவர்கள் அவரைப் பாரிஸ்டர் என்றோ துரை என்றோ அழைக்கவில்லை. பாய் என்றே அழைத்தனர். அச்சொல்லுக்கு அண்ணன் என்பது பொருள். இப்பெயர் இறுதிவரை அவருடைய செவிக்கு இனிமையாக இருந்தது.

இவ்வழக்குகளால் செல்வம் சேர்க்க அவர் விரும்பவில்லை. வென்றால் மன்றம் விதிக்கும் செலவுத்தொகையும், வென்றாலும் தோற்றாலும் ஒரு குத்தகைக்கு 10 பவுனும் போதும் என்றார். அதிலும் பாதியை ஏழைகளுக்காக மருத்துவமனை போன்றதோர் அறநிலையம் அமைக்க ஒதுக்கப் போவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டார். வழக்குகள் ஏறத்தாழ 70. ஒவ்வொன்றிலும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வாழ்நாள் உழைப்பு அடங்கியிருந்தது. அவற்றுள் ஒன்றே ஒன்றுதான் தோற்றது. பிற அனைத்திலும் நகரசபை கூறியதைவிட அதிகத் தொகை கிடைத்தது. இவ்வாறு வந்த ஊதியத்தில் 1,600 பவுனை, நட்டத்தில் நடந்த இந்தியன் ஒப்பீனியன் இதழே விழுங்கிவிட்டது.

எழுபதில் ஒன்று தவிர எல்லாம் வெற்றி என்பது எந்த வழக்கறிஞரும் பெருமை கொள்ளத்தக்கது. ஆனால் வென்றவர்கள் பெற்றது என்ன? தம் வீட்டின் விலையைப் பெற்றனர். வேறிடத்தில் வீடு வாங்கும் உரிமையை அவர்கள் பெறவில்லை. கையில் பணம் இருந்தும், அதனைக் கொண்டு அந்நகரில் தம் பெயரில் ஒரு சாண் நிலம் வாங்கச் சட்டம் இடங்கொடாது. நகரசபையும் அவர்களுக்கு மாற்றிடம் காட்டவில்லை. ஆகவே பழைய வீடுகளிலேயே நகரசபைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கும்படி நேர்ந்தது. நேற்றுவரை உரிமையாளராயிருந்தவர் இன்று வாடகைக் குடிகளாயினர். உரிமையாளராயிருந்தபோது சட்டத்திற்கு அஞ்சியேனும் ஓரளவு துப்புரவைப் பேணினர். புதிய உரிமையாளராகிய நகரசபைக்கு அந்த அச்சமும் இல்லை. குடிகளின் எண்ணிக்கை கூடியது, குப்பையும் கூடியது. நோய் வரும் என்று 1904-ஆம் ஆண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் நகரின் சுகாதார அதிகாரிக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார். பயன் இல்லை.

மார்ச்சு மாதத்தில் நோய் வந்தது. அது தோன்றிய இடம் இந்தியர் குடியிருப்பன்று. நகருக்கு அருகிலிருந்த தங்கச் சுரங்கம் ஒன்று. அங்கே வேலை செய்த இந்தியர் 23 பேர், நுரையீரலைத் தாக்கும் கொடிய பிளேக்கு நோயுடன் ஒரு மாலையில் ஒதுக்கிடத்திற்குத் திரும்பினர். இதழுக்குச் சந்தா சேர்க்க அங்குச் சென்றிருந்த மதன்ஜித் என்பவர், பூட்டிக்கிடந்த வீடொன்றின் பூட்டை உடைத்து அவர்களை அதில் கிடத்திவிட்டுக் காந்தியடிகளுக்கு எழுதியனுப்பினார். காந்தியடிகள் மிதிவண்டியில் விரைந்தார். பூட்டை உடைத்த காரணத்தை நகரசபைச் செயலாளருக்கு முறைப்படி எழுதித் தெரிவித்தார். அந்நிலையிலும் அவர் வழக்கறிஞராகவே இருந்தார். டாக்டர் காட்பிரே என்னும் இந்திய மருத்துவரும், காந்தியடிகளின் அலுவலகத்து இளைஞர் நால்வரும் உடனிருந்து இரவெல்லாம் பணி செய்தனர். மறுநாள் நகரசபை பழைய கிடங்கு ஒன்றைக் கொடுத்தது. அதனைத் தொண்டர்களே கழுவித் தூய்மை செய்தனர். நகரசபை அனுப்பிய வெள்ளை இனத்துச் செவிலி நோய் தொற்றி இறந்தார். 23 பேரில் பிழைத்தவர் இருவரே.

பிறகு நகரசபை விரைந்து செயற்பட்டது. பல மாதங்களாகக் கிடைக்காத மாற்றிடம் சில நாள்களில் கிடைத்தது. நகரிலிருந்து 13 கல் தொலைவிலுள்ள கிளிப்ஸ்புரூட் என்னும் வெளியில் கூடாரங்கள் அடிக்கப்பட்டு, மக்கள் அனைவரும் தனி இரயில் வண்டியில் கொண்டு செல்லப்பட்டனர். ஏழைகள் பலர் தம் சேமிப்பை மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். வங்கி என்பதை அறியாத அவர்களுக்குக் காந்தியடிகளே வங்கியாயினர். தோண்டியெடுத்த வெள்ளிக் காசும் செப்புக் காசுமாக ஏறத்தாழ 60,000 பவுன் அவரிடம் குவிந்தது. நோய் தொற்றிய இடத்துக் காசை வாங்க வங்கி ஊழியர் அஞ்சியதால், அதனை மருந்திட்டுத் தூய்மை செய்து வங்கியில் சேர்ப்பித்தார். மக்கள் வெளியேறிய மறுநாள் ஒதுக்கிடம் முழுவதும் தீக்கிரையாக்கப்பட்டது. நகரசபையின் அசட்டையைக் குறித்து அவர் செய்தித்தாளில் எழுதிய கடிதம் போலக் என்னும் ஆங்கில இளைஞரை அவரிடம் ஈர்த்தது. பிற்காலத்தில் போலக்கும் வழக்கறிஞராகி இந்தியர் உரிமைக்காக உழைத்தார்.

அதே 1904-ஆம் ஆண்டு மே மாதத்தில் மற்றொரு தீர்ப்பு வந்தது. ஹபீப் மோட்டன் என்னும் வணிகர் டிரான்ஸ்வால் அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கு அது. தலைமை நீதிபதி சர் ஜேம்ஸ் ரோஸ் இன்னஸ் முன்னிலையில் நடந்தது. 1898-இல் கேட்கப்பட்ட அதே கேள்விக்கு நீதிமன்றம் இம்முறை நேர்மாறான விடை கூறியது. ஆசியர் குடியிருக்க இடம் குறிக்கலாம்; வாணிகத்தை அவ்விடத்திற்குள் அடைக்கச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று தீர்ந்தது. நகரின் எப்பகுதியிலும் கடை வைக்க இந்தியருக்கு உரிமம் மறுக்கலாகாது என்றாயிற்று. ஆறாண்டுகளுக்குமுன் தையப் சேட் தோற்றது இப்போது வென்றது. எனினும் வெற்றி முழுமையானதன்று. பகலில் கடை நடத்தும் தெருவில் இரவில் உறங்கும் உரிமையும், கடையின் நிலத்தை வாங்கும் உரிமையும் முன்போலவே இல்லை. அநீதியான சட்டத்திற்கு எவ்வளவு நேர்மையாகப் பொருள் கூறினாலும், நீதிமன்றத்தால் அதற்குமேல் செல்ல இயலாது. இவ்வுண்மையை ஏட்டிலிருந்தன்றி, தம் கட்சிக்காரரின் முகங்களிலிருந்தே காந்தியடிகள் கற்றார்.

அதன் பின் அவர் வாழ்வு வேறு திசையில் திரும்பியது. 1906-இல் இந்தியர் அனைவரும் கைவிரற் பதிவு கொடுக்க வேண்டும் என்னும் சட்டம் வந்தபோது, அதற்குப் பணியாமல் துன்பத்தை ஏற்கும் சத்தியாக்கிரகம் பிறந்தது. 1908-ஆம் ஆண்டு ஜனவரியில், வழக்கறிஞராய்த் தாம் நின்று பழகிய அதே நீதிமன்றத்தில் குற்றவாளியாய் நின்று இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அவ்வாண்டில் இயற்றப்பட்ட தங்கச் சட்டம், தங்கம் கிடைக்கும் பகுதியென்று அறிவிக்கப்பட்ட நிலங்களில் வெள்ளையரல்லாதார் வாழ்வதைத் தடுத்தது. 1910-இல் சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு உறைவிடம் தேவைப்பட்டது. காந்தியடிகள் நிலம் வாங்கச் சட்டத்தில் வழியில்லை. ஜெர்மானிய நண்பர் காலன்பாக் 1,100 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, வாடகையின்றி அவர்களுக்கு அளித்தார். டால்ஸ்டாய் பண்ணை எனப்பட்ட அவ்விடத்தில் வாழ்ந்தவருள் தமிழர் பலர். அங்குள்ள குழந்தைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார். தாமறிந்த தமிழ் கொஞ்சந்தான் என்பதை அவர் மறைக்கவில்லை.

1913-இல் கிறித்தவ முறையல்லாத திருமணங்கள் செல்லா என்னும் பொருள்பட நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்ததும் பெண்களும் போரில் குதித்தனர். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாள்களில் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டில் ஏற்பட்ட உடன்பாடு திருமணங்களை ஏற்றது. தொழிலாளர்மீது விதிக்கப்பட்டிருந்த 3 பவுன் வரியை நீக்கியது. குடியிருப்பும் நிலவுரிமையும் பற்றிய தடைகளை மட்டும் அது தொடவில்லை. ஜூலையில் கப்பலேறிய காந்தியடிகள் அதனை மறக்கவில்லை; எஞ்சிய குறைகளை எடுத்துக் கூறிவிட்டே விடைபெற்றார்.

அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்தபோது அவர் தில்லையாடிக்கும் சென்றார். தென்னாப்பிரிக்காவில் கண்ட ஒதுக்கிடத்தை அவர் தாய்நாட்டிலும் கண்டார். ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சேரிகள் இங்கிருந்தன. இங்கு நாம் சிலரைத் தீண்டாதாராய் ஒதுக்கியதன் பயனையே அங்கு இந்தியர் அனைவரும் நுகர்ந்தனர் என்று அவர் கருதினார். அகமதாபாத்துக்கு அருகில் கோச்ரப்பில் அவர் ஆசிரமம் தொடங்கிய சில மாதங்களில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தூதாபாய் தம் மனைவியுடனும் குழந்தையுடனும் அங்கே குடியேற விரும்பினார். காந்தியடிகள் ஏற்றார். கிணற்றில் நீரெடுக்கத் தடை எழுந்தது, பொருளுதவி நின்றது, ஆசிரமத்தில் இருந்தவர்களிடையேயும் முணுமுணுப்புத் தோன்றியது. பணம் முற்றிலும் தீர்ந்தால் சேரிக்கே சென்று அங்குள்ளாருடன் வாழ்வோம் என்று முடிவு செய்தார். பெயர் கூறாத ஒரு செல்வர் வண்டியில் வந்து 13,000 ரூபாயைக் கையில் கொடுத்துச் சென்றதால், அவ்வாறு செல்ல நேரவில்லை. தூதாபாய் குடும்பம் ஆசிரமத்திலேயே தங்கியது.

இந்திய விடுதலைக்காக அவர் ஆற்றிய பணி இங்கு விரித்துரைக்க வேண்டாதது. 1922-இல் அவர் சிறைப்பட்டதைக் காரணமாகக் கொண்டு இலண்டன் சட்டக் கழகம் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. 1988-இல்தான் மீண்டும் சேர்த்தது. 1946-இல் தென்னாப்பிரிக்க அரசு இந்தியரின் நிலவுரிமையை மேலும் குறுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. டர்பன் இந்தியர்கள் தடை செய்யப்பட்ட நிலத்தில் கூடாரம் அடித்துச் சிறை சென்றனர். இந்தியா அதனை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற குழு அங்கு வாதாடி வென்றது. காந்தியடிகள் அதனைக் கண்டு மகிழ்ந்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவர் சுடப்பட்டு இறந்தார்.

அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின், மே 3-ஆம் நாள், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. செயின்ட் லூயி நகரில் ஷெல்லி என்னும் நீக்ரோ குடும்பத்தார் ஒரு வீட்டை வாங்கியிருந்தனர். வெள்ளையரல்லாதார்க்கு வீடு விற்பதில்லை என அத்தெருவினர் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களை வெளியேற்ற முயன்றனர். அத்தகைய ஒப்பந்தத்தை நிறைவேற்ற எந்த நீதிமன்றமும் துணை போகலாகாது என்று தீர்ந்தது. ஷெல்லி குடும்பம் தம் வீட்டிலேயே வாழ்ந்தது. தென்னாப்பிரிக்காவிலோ இதற்கு எதிராக 1950-இல் ஒவ்வோர் இனத்தையும் தனித்தனிப் பகுதியில் அடைக்கும் சட்டம் வந்தது. அது 1991-இல் நீக்கப்பட்டது. ஜோஹன்னஸ்பர்க்கில் கூலி லொக்கேஷன் எரிந்த நிலத்தில் நியூடவுன் என்னும் பகுதி எழுந்துள்ளது. கிளிப்ஸ்புரூட்டில் கூடாரங்கள் நின்ற வெளி, சோவெட்டோ என்னும் பெருங் குடியிருப்பின் ஒரு பகுதியாக உள்ளது.